கோல்ஃப் பந்தின் குழிகளைக் காரின் மேல் வைத்தால் காற்றுத் தடை குறையுமா?

சாலைப்பயணி:
அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாக வாரத்தில் இரண்டு நாள்களாவது நெடுஞ்சாலையில் ஹேட்ச்பேக் கார் ஓட்டுபவன் நான். வழவழப்பான பந்தைவிடக் குழிகள் உள்ள கோல்ஃப் பந்து அதிகத் தொலைவு பறக்கும் என்பதை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். 2009-இல் மித்பஸ்டர்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு காரைக் களிமண்ணால் மூடி, அதில் குழிகளைத் தோண்டி, தோண்டிய மண்ணையும் எடை மாறாதிருக்கக் காருக்குள்ளேயே வைத்து ஓட்டியபோது மைலேஜ் ஏறத்தாழ 11 விழுக்காடு கூடியதையும் பார்த்தேன். இப்போது ஸ்டிக்கர் கடையில் குழிக்குழியான ராப் ஷீட் ஒன்றைக் காட்டி, ஒட்டினால் மைலேஜ் கூடும் என்று அடித்துச் சொல்கிறார்கள். இது உண்மையென்றால் கார் நிறுவனங்கள் ஏன் இன்னும் இதைச் செய்யவில்லை? அழகு கெட்டுவிடும் என்பது மட்டுமா காரணம்?

காற்றுவாக்கில்:
அழகு காரணமில்லை, ஐயா. கோல்ஃப் பந்துக்கு இருக்கும் சிக்கல் காருக்கு இல்லை என்பதே காரணம்.

பொருளின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றடுக்கை எல்லைப் படலம் என்கிறோம். வேகமும் அளவும் குறைவாக இருக்கும்போது இந்தப் படலம் அமைதியாக, அடுக்கடுக்காக ஓடும். ஆனால் அதற்கு வலு போதாது. பந்தின் பின்பக்கம் அழுத்தம் ஏறத் தொடங்கியதும் அது பரப்பை விட்டு விலகிவிடுகிறது. பின்னால் அழுத்தம் குறைந்த, காற்று சுழலும் அகலமான வால் உருவாகி, பந்தைப் பிடித்து இழுக்கிறது. குழிகள் அந்தப் படலத்தைக் கலைத்துக் கொந்தளிக்க வைக்கின்றன. கொந்தளிக்கும் படலம் வெளியே ஓடும் வேகக் காற்றைத் தனக்குள் இழுத்துக்கொள்வதால், பந்தின் பின்பக்கம் வரை ஒட்டியே சென்று, தாமதமாக விலகுகிறது. வால் சிறுத்துவிடுவதால், இழுவையும் ஏறக்குறைய பாதியாகிறது. 1912-இல் பாரிஸில் ஐஃபல் (கோபுரம் கட்டிய அதே ஐஃபல்தான்) கோளங்களின் இழுவையை அளந்தபோது, ஜெர்மனியின் கொட்டிங்கனில் கிடைத்த மதிப்பில் பாதிதான் வந்தது. யாருடைய கணக்கு தவறு என்ற குழப்பத்தை 1914-இல் கொட்டிங்கனின் அறிவியலர் பிராண்டில் தீர்த்தார்: கோளத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி வளையத்தை ஒட்டிப் படலத்தைக் கலைத்ததும் இழுவை சட்டென்று குறைந்தது. இருவர் அளந்ததும் சரி. படலம்தான் இரு வகையாக ஓடியிருக்கிறது.

இனி காருக்கு வருவோம். அளவையும் வேகத்தையும் சேர்த்துச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண், விரைந்து பறக்கும் கோல்ஃப் பந்துக்கு ஏறத்தாழ 2 லட்சம். 4 மீட்டர் நீளமுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்லும்போது அது 70 லட்சத்தைத் தாண்டுகிறது. எனவே பானட்டைத் தாண்டுவதற்குள்ளேயே பெரும்பாலும் படலம் தானாகக் கொந்தளித்துவிடும். ஏற்கெனவே கொதிக்கும் உலைக்கு அடியில் இன்னொரு விறகு வைப்பதால் சோறு வேறாகிவிடாது. குழிகள் உராய்வைத்தான் சற்றுக் கூட்டும்.

கம்பளிநூல்:
மேலே சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் ஹேட்ச்பேக்கின் கூரையிலும் பின்கண்ணாடியிலும் விரல் நீளத்துக்குக் கம்பளி நூல் துண்டுகளைச் சாண் இடைவெளியில் ஒட்டி, நண்பர் வேறொரு காரில் பின்தொடர்ந்து கைப்பேசியில் படம்பிடித்தார். மணிக்கு 80 கிலோமீட்டரில் கூரை நூல்கள் எல்லாம் சீவி விட்ட தலைமயிர்போலப் படிந்து, பின்நோக்கி நின்றன. கடைசி விளிம்பு வரை ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் விளிம்பைத் தாண்டிய பின்கண்ணாடியில் நூல்கள் திசை தெரியாமல் சுழன்றன, சில மேல்நோக்கியே நிமிர்ந்தன. அதாவது, காற்று எங்கே விலக வேண்டும் என்பதைக் கூரையின் கூரான விளிம்பே முடிவுசெய்துவிடுகிறது. பந்தில் அந்த இடம் முன்பின் நகரும், ஆகவே குழிகளுக்கு வேலை இருக்கிறது; இங்கே நகர்த்துவதற்கு எதுவும் இல்லை.

நிகழ்ச்சியில் வந்த 11 விழுக்காட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் நேர்மையாகவே ஓட்டினார்கள் என்று நம்புகிறேன், ஆனால் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100-இல் செல்லும் காருக்கு எதிரே மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று வீசினாலே தடை 21 விழுக்காடு ஏறிவிடும். மேலும் கனமான களிமண் போர்வையில் பெரிய குழிகளைத் தோண்டுவது காரின் வடிவத்தையும் விளிம்புகளையும் மாற்றுகிறது; தாளளவு தடிமன் உள்ள ஸ்டிக்கருக்கு அந்த முடிவைப் பொருத்திப் பார்க்க முடியாது.

நடுவழி:
முன்னவர்கள் சொன்னதை ஏற்கிறேன், எனினும் "பரப்பில் எதைச் செய்தாலும் பயனில்லை" என்று வாசகர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. இரண்டு விதிவிலக்குகள் உண்டு.

சுறாவின் தோலைப் பார்த்து உருவாக்கிய நுண்வரிகள் முதலாவது. காற்றோட்டத்தின் திசையிலேயே ஓடும் இவை, கொந்தளிக்கும் படலத்தின் உராய்வை ஆய்வகத்தில் 8 விழுக்காடு வரை குறைத்திருக்கின்றன. விமானப் பராமரிப்பு நிறுவனமான லுஃப்தான்ஸா டெக்னிக்கும் வேதிப்பொருள் நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப்.-உம் சேர்ந்து உருவாக்கிய, 0.05 மில்லிமீட்டர் அளவிலான வரிகள் கொண்ட ஒட்டுத்தாளை ஒட்டிய போயிங் 777 விமானங்கள் 2022 முதல் பறக்கின்றன. எரிபொருள் ஏறத்தாழ 1 விழுக்காடு மிச்சம். விமானத்தில் உராய்வின் பங்கு மிகப் பெரியது. காரில் அது ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். மீதியில் பெரும்பகுதி பின்னால் உள்ள வாலின் இழுப்பு. ஆகவே கார் முழுவதும் குறையில்லாமல் ஒட்டினாலும் காற்றுத் தடையில் 0.8 விழுக்காடுதான் குறையும். ஒரு வாரத் தூசி அந்த வரிகளை அடைத்துவிட்டால் அதுவும் போயிற்று.

இரண்டாவது, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் காரின் கூரைப் பின்விளிம்பில் வந்த சிறு துடுப்புகள். செடான் காரின் பின்கண்ணாடி சரிவாக இறங்குவதால், காற்று விலகும் இடம் அங்கே நகரக்கூடியது. 2 சென்டிமீட்டரை ஒட்டிய உயரமுள்ள அந்தத் துடுப்புகள் சுழல்களை உண்டாக்கி, வேகக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் இறக்குகின்றன. 2004-இல் அந்நிறுவனப் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வில் இழுவைக் குணகம் (காரின் வடிவம் எவ்வளவு தடை தருகிறது என்று காட்டும் எண்) 0.006 குறைந்தது. பெரிய அளவில்லை, ஆனால் உண்மையான அளவு. அதுவும் சரியான இடத்தில், சரியான உயரத்தில் வைத்ததால் கிடைத்தது. கடையில் வாங்கித் தோன்றிய இடத்தில் ஒட்டுபவர்கள் இழுவையைக் கூட்டிக்கொள்ளவும் கூடும்.

சாலைப்பயணி:
பொறுமையாக விளக்கிய மூவருக்கும் நன்றி. ஷீட் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். என் கார்க் கூரையில் சென்ற ஆண்டு பொருத்திய பெட்டி வைக்கும் சட்டம் இன்னும் இருக்கிறது. அதில் எதையும் ஏற்றி மாதங்கள் பல ஆகின்றன. அதை முதலில் கழற்றிவிட்டு, கம்பளி நூல் சோதனையைச் செய்து பார்க்கிறேன்.

கம்பளிநூல்:
கழற்றுவதற்கு முன்பும் ஒருமுறை நூல் ஒட்டிப் படம்பிடியுங்கள். சட்டத்துக்குப் பின்னால் உள்ள நூல்கள் படும் பாட்டை நீங்களே காண்பீர்கள். பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்பாலேயே ஒட்டுங்கள். நான் சாதாரண செலோடேப்பை ஒட்டி வெயிலில் நிறுத்தியதில், கூரையில் படிந்த பசையைத் துடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.