டீச்சர் ஆக ஆசைப்பட்ட பிள்ளையும் ஜூன் மாதக் கட்டணமும்

ஒருவர், "இப்போதுள்ள பிள்ளைகள் யாரும் ஆசிரியர் வேலைக்கு வர விரும்புவதில்லை" என்று எழுதியிருந்தார். நான் பார்த்தது வேறு.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பிளஸ் டூ மாணவி ஒருத்தி ரெண்டு நாளாக வரவில்லை என்று வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேருக்கு அவள் கழித்தல் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்னால் ரப்பர் பால் பிடித்துக் கழித்துப்போட்ட தேங்காய்ச் சிரட்டைகள். பத்துப் புளியங்கொட்டை சேர்ந்தால் ஒரு சிரட்டை. கடன் வாங்க வேண்டிய இடம் வந்ததும் ஒரு சிரட்டையை அப்படியே கவிழ்த்துக் கொட்டினாள். "இப்ப எண்ணுங்க." இருபது வருஷமாக நான் கரும்பலகையில் சொல்லிப் புரியவைக்கத் திணறும் விஷயம் அது.

"மக்ளே, நீ டீச்சருக்குப் படி" என்றேன். அவளுக்கும் அதுதான் ஆசை. அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. "ரெண்டு வருஷம் பட்டயப் படிப்பு, அப்புறம் தகுதித் தேர்வுமா டீச்சர்?" என்று கேட்டார். நான் மறைக்கவில்லை. 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு, பொதுப் பிரிவுக்கு 90 வேண்டும், அதற்குப் பிறகும் வேலை உடனே கிடைக்காது என்றே சொன்னேன். அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. அவர் பயந்தது ஜூன் மாதத்துக்கு. மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. கல்லூரிக் கட்டணம் கேட்பதும் அதே மழையில்தான்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருமே என்பீர்கள். 2022இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பலர் படிப்பை விடாமல் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு வரும் பணம். சேருவதற்கே பணம் வேண்டுமே!

சரி என்று பழைய மாணவர்கள் சிலரைக் கூப்பிட்டேன். வளைகுடாவில் இருக்கும் ஒருவன் முதல் வருஷக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டான். மார்த்தாண்டத்தில் கடை வைத்திருப்பவன் பஸ் செலவுக்கு. பத்திரம், கையெழுத்து எதுவும் கேட்கவில்லை. லீவுக்கு வரும்போது நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடு என்று மட்டும் கேட்டேன்.

இப்போது ரெண்டாம் வருஷம். போன லீவுக்கு வந்தாள், பையில் அதே சிரட்டைகள்.

இந்த வருஷம் இன்னும் ரெண்டு பையன்கள் கேட்டிருக்கிறார்கள். உங்கள் ஊரில் முதல் கட்டணத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள், எனக்கு மே மாதத்துக்குள் தெரிய வேண்டும்.