மூளைக்காய்ச்சல் ஓய்ந்த ஊர்கள்: ஆப்பிரிக்காவில் இருந்தவர்கள் எழுதுங்கள்

கானோ வாத்தியார்:

1996-ல் வட நைஜீரியாவில், கானோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். டிசம்பர் வந்தால் சகாரா பக்கமிருந்து ஹர்மட்டான் காற்று வீசும். கரும்பலகையைத் துடைத்த அரைமணி நேரத்தில் அதன் மேல் புழுதி படிந்துவிடும். உதடு வெடிக்கும், தொண்டை எரியும். அந்த வறட்சியில் தொண்டையின் உள்தோல் நலிந்து, அங்கே சும்மா கிடக்கும் கிருமி ரத்தத்தில் இறங்கிவிடுகிறது என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். அப்படி வரும் மூளைக்காய்ச்சலுக்கு (மெனிஞ்சைட்டிஸ்) அந்த ஊர் ஹவுசா மொழியில் சங்கராவ் என்று பெயர். நம் ஊரில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு, இது வேறு. இது மூச்சிலும் எச்சிலிலும் ஆளுக்கு ஆள் தொற்றுவது.

முன் பெஞ்சுப் பையன் ஒருவன், 12 வயது. ஒரு நாள் காலையில் நோட்டை மேஜையில் வைக்காமல் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். "குனிந்து எழுதுப்பா" என்றேன். "கழுத்து வரமாட்டேன் என்கிறது சார்" என்றான். தலைவலி என்று வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். அவனுக்கு இரண்டு பக்கமும் அதே நோயாளிகள். மூன்றாம் நாள் போய்விட்டான். குனிந்து எழுது என்று நான் சொன்னது இத்தனை வருஷமாக என் காதில் இருக்கிறது.

அந்தக் கொள்ளைநோயில் நைஜீரியாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் படுத்தார்கள், 11,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தடுப்பூசி அப்போதும் இருந்தது. ஆனால் நோய் பரவிய பிறகுதான் வரும். இரண்டு மூன்று வருஷத்தில் அதன் பலனும் போய்விடும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குச் சரியாக வேலையும் செய்யாது.

செனகல் முதல் எத்தியோப்பியா வரை இந்த நோய்ப் பட்டையில் வேலை பார்த்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? 2010-ல் இந்த நோய்க்குப் புது ஊசி வந்த பிறகு எப்படி இருந்தது என்று கண்ணால் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்செங்கோடு ரிக்:

வணக்கம் சார். நான் போர்வெல் ரிக்கோடு புர்கினா ஃபாசோ போனவன். 2010 டிசம்பரில் தலைநகர் வாகாடூகூவுக்கு வடக்கே ஒரு கிராமத்தில் குழி போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலையில் ராடு மாட்ட ஆள் இல்லை. உள்ளூர்ப் பையன்கள் எல்லோரும் ஊசிக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று டிரைவர் சொன்னார். வண்டியை நிறுத்திவிட்டு நானும் போய்ப் பார்த்தேன்.

ஒரு பெரிய வேப்பமரம். அங்கேயும் ஊருக்கு ஊர் வேம்புதான் நிழல். மரத்தடியில் ஒரு மேஜை, ஐஸ் பெட்டி, இரண்டு நர்சுகள். வரிசை சாலை வரை வந்துவிட்டது. பிள்ளைகளை முதுகில் துணியால் கட்டிய அம்மாக்கள், பள்ளிப் பிள்ளைகள், மாடு மேய்க்கும் பையன்கள். யாரும் கூட்டி வரவில்லை, வெயிலில் தானாக வந்து நின்றார்கள். ஒரு வயது முதல் 29 வயது வரைதான் போடுவார்கள். 30 தாண்டிய எங்கள் டிரைவர் கெஞ்சிப் பார்த்தார், நர்ஸ் கையைக் கூப்பிவிட்டார்.

எங்கள் ஹெல்பர் பையனின் தம்பிக்கு முன்னொரு வருஷம் இந்தக் காய்ச்சல் வந்து உயிர் தப்பியது, காது இரண்டும் போய்விட்டது. ஊசி போட்ட அட்டையை ஹெல்பர் பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். எண்ணெய்க் கையோடு அதைத் தொட மாட்டான். டிசம்பர் 6-ம் தேதி தலைநகரில் தொடங்கி, பத்து நாளில் நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேல் ஆட்களுக்குப் போட்டு முடித்தார்கள். 2013 வரை அங்கே இருந்தேன். மார்ச், ஏப்ரல் வந்தால் ஊரில் இருந்த அந்தப் பயம் அப்புறம் நான் பார்க்கவில்லை.

மருந்து ஆய்வகம், ஓய்வு:

தடுப்பூசித் தயாரிப்பில் 22 வருஷம் இருந்தவள் நான். நீங்கள் பார்த்த அந்தக் குப்பி நம் புனேயிலிருந்து போனது. பெயர் மென்ஆஃப்ரிவாக், சீரம் இன்ஸ்டிட்யூட்டில் செய்தது. அது வந்த கதை எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு மிகவும் பிடித்தது.

பொதுவாக மருந்தைக் கண்டுபிடித்துவிட்டு, செலவைக் கூட்டி, விலை வைப்பார்கள். இங்கே விலையை முதலில் வைத்தார்கள். 2001-ல் உலக சுகாதார நிறுவனமும் பாத் என்ற அமைப்பும் சேர்ந்து, கேட்ஸ் அறக்கட்டளையின் 7 கோடி டாலரோடு ஒரு திட்டம் தொடங்கின. தலைமை மார்க் லாஃபோர்ஸ். ஆப்பிரிக்க சுகாதாரத் துறையினர் தெளிவாகச் சொன்னது: ஒரு டோஸ் அரை டாலரைத் தாண்டினால் எங்களால் வாங்க முடியாது. அன்றைய நம் காசில் 23 ரூபாய். அந்த விலைக்குப் பெரிய கம்பெனிகள் வரவில்லை. சரி, பிரித்துச் செய்வோம் என்றார்கள். கிருமியின் மேலுறையில் இருக்கும் சர்க்கரைப் பொருள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து. அதை டெட்டனஸ் புரதத்தோடு இணைக்கும் முறை, அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. ஆய்வகத்தில் கார்ல் ஃபிராஷும் ராபர்ட் லீயும் உருவாக்கியது. அதைப் புனேக்காரர்கள் கற்றுக்கொண்டு அங்கேயே செய்தார்கள்.

அந்த இணைப்பில்தான் விஷயமே இருக்கிறது. வெறும் சர்க்கரையைப் போட்டால் குழந்தையின் உடம்பு அதைக் கண்டுகொள்ளாது. புரதத்தோடு ஒட்டிக் கொடுத்தால் நினைவில் வைத்துக்கொள்ளும். ஊசி போட்டுக்கொண்டவரின் தொண்டையிலும் கிருமி தங்காது. ஹெல்பர் பையன் போட்டுக்கொண்டது அவன் வீட்டுக் கைக்குழந்தைக்கும் காவல். 29 வயது வரை ஒரே மூச்சில் போட்டதற்கு அதுதான் காரணம். இந்த நோய்க் கிருமியில் பல வகை உண்டு, இந்த ஊசி தடுப்பது ஏ வகையை. அந்த ஏ வகைக் கிருமி, ஊசி போட்ட நாடுகளில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது.

கோவை ஜின்னிங்:

நானும் ஒன்று சொல்கிறேன். 2012 நவம்பரில் பெனின் நாட்டின் பானிகோரா பக்கம் பருத்தி அரவை மெஷின் வேலைக்குப் போயிருந்தேன். ஊசிக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், பெட்டியில் ஐஸ் இல்லை. கெட்டுப்போகாதா என்று கேட்டேன். 40 டிகிரி வரை நாலு நாள் தாங்கும், இந்த ஊசியை அப்படிக் கொண்டுபோக இப்போதுதான் அனுமதி வந்திருக்கிறது என்றார்கள். குப்பி லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் சதுரம். சதுரம் கறுத்தால் போடக்கூடாது. ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உடைத்தார்கள். கரண்ட் இல்லாத ஊருக்கு ஐஸ் சுமப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

கானோ வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஏ போனாலும் சி வகை தலைதூக்கியது. 2017-ல் நைஜீரியாவில் 14,000 பேருக்கு மேல் படுத்தார்கள். அதே புனேக்காரர்களும் பாத் அமைப்பும் சேர்ந்து ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் ஐந்துக்கும் ஒரே ஊசி செய்து, 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் வாங்கி, 2024-ல் முதன்முதலாக நைஜீரியாவில்தான் போட்டார்கள்.

அந்தப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இன்னும் என்னோடு பேசுவான். இப்போது அவனுக்கு நாலு பிள்ளைகள். அந்த வருஷம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கடைசிப் பெண் ஒரு கையால் ஊசி போட்ட இடத்தை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையில் அட்டையைப் பிடித்திருக்கிறாள். கீழே, "சார், இவளுக்கும் போட்டாயிற்று" என்று எழுதியிருந்தான்.