கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்தே ஆகணுமா?

கருங்கல் பையன்:

ஊர் குமரி மாவட்டம் கருங்கல் பக்கம், வேலை சென்னை அம்பத்தூரில் ஒரு பட்டறையில். வயது 34, கல்யாணம் ஆகவில்லை. கடைசி விவரம்தான் பிரச்சினையே.

இந்த வருசம் கிறிஸ்மஸ் வியாழக்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமை ஒரு லீவு போட்டால் ஞாயிறு வரை ஊரில் இருக்கலாம். லீவும் கிடைக்கும். ஆனால் போக மனசு வரவில்லை. விடியற்காலை ஆராதனை முடிந்து சர்ச் படி இறங்குவதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள்: "எப்பம்லே மக்கா கல்யாணச் சோறு?" வீட்டுக்கு வந்தால் பெரியம்மை, அத்தை, அக்கா, மச்சான் எல்லாரும் அதே பாட்டு. சாப்பாடு முடிந்ததும் பெரியப்பாவும் அப்பாவும் அந்த மூன்றடிப் பாதை விவகாரத்தை எடுப்பார்கள். சாயங்காலத்துக்குள் ஒருத்தர் முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போவார். வருசம் தவறாமல் இது நடக்கிறது.

இங்கே ரூமில் இன்னும் மூணு பேர் ஊருக்குப் போகவில்லை. ஒருவன் ஆர்.சி. அவனோடு சாந்தோமில் நள்ளிரவுப் பூசைக்குப் போய்விட்டு, மறுநாள் பிரியாணி ஆக்கித் தின்றுவிட்டுத் தூங்கலாம் என்று திட்டம். அம்மையிடம் "லீவு தரல்ல" என்று சொல்லிவிடலாமா? இதில் என்ன தப்பு இருக்கிறது, சொல்லுங்கள்.

குளச்சல்காரன்:

தப்புதான் தம்பி.

எங்கள் அப்பா கொச்சியிலிருந்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். தூண்டில் தொழில். போனால் மாசம் தாண்டியும் கரை தெரியாது. குளச்சல் தொடங்கி தூத்தூர், நீரோடி வரை எங்கள் கடற்கரை ஊர்களில் டிசம்பர் வந்தால் முதல் பேச்சு யார் யார் படகு கரை சேர்ந்தது என்பதுதான். ஸ்டாரும் குடிலும் அப்புறம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் அந்த வருசம் யாரும் ஸ்டார் கட்டவில்லை. கடலுக்குப் போனவர் குரல் கேட்காதா என்று போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முன்னால் 2004. சுனாமி வந்தது டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் தெருவில் முந்தின நாள் கேக் கொண்டுவந்து தந்த வீடு ஒன்று மறுநாள் இல்லை. இன்றைக்கும் 26ஆம் தேதி கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறோம்.

உனக்குக் கடல் இல்லை, புயல் இல்லை. 700 கிலோமீட்டர் ரோடு. கல்யாணம் எப்போது என்று கேட்கிறார்களா, கேட்டுவிட்டுப் போகட்டும். கேட்பதற்கு ஆள் இருக்கிறதே.

மார்த்தாண்டம் மருமகள்:

குளச்சல் அண்ணே, கடலுக்குப் போனவருக்காகக் காத்திருப்பது வேறு, இந்தத் தம்பி கதை வேறு. ரெண்டையும் சேர்த்துச் சொன்னால் யாரும் வாய் திறக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும்.

குடும்பத்தோடு கிறிஸ்மஸ் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். அந்தக் குடும்பத்துக்குப் பண்டம் சுடுகிறது யார் என்று ஒருத்தரும் எழுதக் காணோம். டிசம்பர் 20 தாண்டினால் எங்கள் வீட்டு அடுப்பு அணையாது. முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுத்துத் தொலி போக்கித் திரிக்க வேண்டும், தேங்காய் வறுக்க வேண்டும், வெல்லப் பாகு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். ஆறினால் உருண்டை பிடிக்காது, சூட்டோடு உருட்டினால் உள்ளங்கை சிவந்துவிடும். அடுத்தது அச்சு முறுக்கு. அச்சு எண்ணெயில் கிடந்து நன்றாகக் காய வேண்டும். காய்ந்த அச்சை மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பு வரை முங்கிவிட்டால் மாவு அச்சைப் பூட்டிக்கொள்ளும், முறுக்கு கழன்று விழாது, ஈர்க்கால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்றுகொண்டு இதைச் செய்து பாருங்கள். பக்கத்தில் துபாயிலிருந்து வந்த கொழுந்தன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "மயினி, முந்தி அம்மை சுட்டா மொறுமொறுண்ணு இருக்கும்" என்பார்.

ஆராதனைக்கு நடுவில் ஆப்ப மாவு பொங்கி வழிகிறதா என்று பார்க்க வீட்டுக்கு ஓடி வருகிறவள் நான். பிரசங்கம் என்ன என்று கேட்டால் தெரியாது. கல்யாணம் ஆன பிறகு ஒரு கிறிஸ்மஸுக்கும் என் அம்மை வீட்டில் நான் இல்லை. "மறுநாள் போயேன்" என்பார்கள். மறுநாள் எச்சில் பாத்திரம் கிடக்கும்.

தம்பி, நீங்கள் சென்னையிலேயே இருங்கள். உங்கள் வீட்டில் ஏதோ ஒரு பெண்ணுக்கு ஒரு தட்டு குறையும்.

கருங்கல் பையன்:

அக்கா, நான் வராவிட்டாலும் எங்கள் அம்மை இருபது பேருக்குச் சமைக்கத்தான் போகிறாள். தேங்காய் துருவ ஒரு ஆள்தான் குறையும்.

மார்த்தாண்டம் மருமகள்:

துருவுவீர்களா? அப்படியானால் வாருங்கள்.

முட்டம் பைக் செட்:

குடும்பம், தனிமை என்று ரெண்டையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நண்பர்கள் கணக்கில் இல்லையா? எங்கள் ஊரில் டிசம்பர் முழுக்க ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எங்களுக்குக் கிறிஸ்மஸ். ரோட்டோரம் குடில் கட்டுகிறோம். பழைய சாக்கை சிமெண்டுக் கரைசலில் முக்கிக் கம்பி மேல் போர்த்திக் காய வைத்தால் மலை. தண்ணீர் விழுகிற மாதிரி ஒரு மோட்டார். சீரியல் பல்பு வேலை முழுவதும் பார்க்கிறவன் ஐயப்பனுக்கு மாலை போட்டவன். கறுப்பு வேட்டியோடு ஏணியில் நின்று பெத்லகேமுக்கு ஒயர் இழுக்கிறான். 25 மத்தியானம் வீட்டில் தலையைக் காட்டிவிட்டு பைக்கை எடுத்தால் முட்டம், சொத்தவிளை, அப்படியே கன்னியாகுமரி. அங்கே சபரிமலைக் கூட்டமும் சேர்ந்து நிற்க இடம் இருக்காது, அது வேறு.

கருங்கல் அண்ணன் ரூமிலேயே இருக்கட்டும். குடும்பம் ஜனவரியிலும் இருக்கும். ரூம் செட் அப்படி இல்லை, ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆனால் கலைந்துவிடும்.

குவைத் நைட் டியூட்டி:

வில்லுக்குறிக்காரி, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். குவைத்தில் டிசம்பர் 25 லீவு நாள் இல்லை. வாரக் கடைசி வெள்ளியும் சனியும். சர்ச்சில் கூட்டம் சேர்வது வெள்ளிக்கிழமை. இந்த வருசம் புதன் ராத்திரி எனக்கு டியூட்டி போட்டிருக்கிறார்கள்.

ஊரில் காலை நாலு மணி ஆராதனை தொடங்கும்போது இங்கே ராத்திரி ஒன்றரை. வார்டில் ஊசி, மருந்து எல்லாம் முடிந்து சார்ட் எழுதுகிற நேரம். போன தடவை அண்ணன் வீடியோ காலில் வந்தான். போனைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்பதால் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கோயில் மணியையும் பாட்டையும் மட்டும் கேட்டுக்கொண்டே எழுதினேன். அதனால், லீவு கிடைத்தும் போக மனசில்லை என்று ஒருத்தர் எழுதினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உங்களுக்கு வேண்டாத அந்த லீவை இங்கே அனுப்பிவையுங்கள்.

ஆனால் முட்டம் தம்பி சொன்னதை நான் தள்ளமாட்டேன். அன்றைக்குக் காலையில் டியூட்டி முடிந்து வந்தபோது பிளாட்டில் மலையாளிப் பெண்கள் ரெண்டு பேரும் ஒரு பிலிப்பினோ அக்காவும் சாப்பாடு எடுத்து வைத்துக் காத்திருந்தார்கள். சாப்பிட்டோம், தூங்கினோம். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அது கிறிஸ்மஸ் இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

குளச்சல்காரன்:

மார்த்தாண்டம் அக்கா, பண்டம்தான் பிரச்சினை என்றால் கடையில் வாங்குங்கள். எந்த பேக்கரியிலும் முந்திரிக்கொத்து பாக்கெட் போட்டு விற்கிறார்கள். அதற்காகப் பெற்ற மகனை வராதே என்பதா?

மார்த்தாண்டம் மருமகள்:

வாங்கினேன். கேரல் பாட வந்த பிள்ளைகளிடம் "இது கடையில உள்ளது, எடுத்துக்கிடுங்க" என்று என் மாமியார் ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். ஆண்பிள்ளைகள் யாராவது ஒரு ராத்திரி அச்சு பிடிக்கட்டும், அப்புறம் குடும்ப ஒற்றுமை பற்றிப் பேசலாம்.

ஓய்வு வாத்தியார்:

நாகர்கோவில். பிள்ளைகள் ரெண்டு பேரும் வெளிநாட்டில். மனைவி தவறிவிட்டாள். எனவே கிறிஸ்மஸ் தனியாக.

தனியாக என்று பேருக்குத்தான் சொல்லலாம். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் நூற்றுக்கு 46 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3ஆம் தேதி முடிகிறதோ இல்லையோ, கேரல் தொடங்கிவிடும். சி.எஸ்.ஐ., ஆர்.சி., லூத்தரன், இரட்சணிய சேனை என்று ஆளுக்கொரு ராத்திரி டிரம்மோடு வருகிறார்கள். கேட்டைப் பூட்டி விளக்கை அணைத்தாலும் "சார் உறங்கியாச்சா?" என்று கூப்பிடுகிறான், என்னிடம் படித்தவன். போன வருசம் கிறிஸ்மஸ் தாத்தா முகமூடிக்குள்ளிருந்து வந்த குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். பதினாறாம் வாய்ப்பாட்டைக் கடைசி வரை ஒப்பிக்காதவன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். பெற்றவர்கள் தவம் கிடப்பதாக எல்லாரும் நினைக்கிறீர்கள். பெற்றவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் மகன் குடும்பத்தோடு வந்த ஒரு கிறிஸ்மஸில் பேரன் போனை விட்டு எழும்பவில்லை, மருமகளுக்குக் கொசு, மகன் அரை மணிக்கு ஒருதரம் மெயில் பார்த்தான். அவர்களைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து கஞ்சியும் பயறும் வைத்துக் குடித்தேன். நிம்மதியாக இருந்தது. கடமைக்கு வருகிறவர்களை உபசரிப்பது எங்களுக்கும் பாடுதான். எந்தத் தாயும் அதைப் போனில் சொல்லமாட்டாள்.

தம்பி, வரப் பிரியமில்லை என்றால் வரவேண்டாம். ஆனால் "லீவு தரல்ல" என்ற பொய் எதற்கு? பொய் சொன்னால் அம்மா உன் முதலாளியைத் திட்டிக்கொண்டிருப்பாள். உண்மையைச் சொன்னால் உன் பெரியம்மையை அடக்கிவைப்பாள்.

திங்கள்சந்தை டிரைவர்:

எங்கள் வீட்டில் இந்தத் தகராறே கிடையாது. நாங்கள் பெந்தெகொஸ்தே, கிறிஸ்மஸ் கொண்டாடுவதில்லை. 25ஆம் தேதி சபையில் உபவாச ஜெபம். மனைவி வீடு சி.எஸ்.ஐ. உபவாசம் முடித்து அங்கே போனால் கோழிக்கறி சூடாக இருக்கும். கொண்டாடுவதில்லை, சாப்பிடுவேன்.

தோவாளை பூக்கடை:

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. தீபாவளிக்கு எங்கள் அதிரசம் எதிர்வீட்டுக்குப் போகும், 25 காலையில் அங்கிருந்து கேக் வரும். அந்த வீட்டு அண்ணன் ஒரு வருசம் வராவிட்டால் "ஏன் வரல்ல" என்று முதலில் விசாரிப்பது எங்கள் அம்மாதான். வந்தால் "கல்யாணம் எப்போ" என்று முதலில் கேட்பதும் அவள்தான். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்றால் எப்படி?

குளச்சல்காரன்:

வாத்தியார் சார், கஞ்சி குடித்து நிம்மதியாக இருந்தீர்கள், சரி. அடுத்த வருசம் அவர்கள் வரவில்லை. அந்தக் கிறிஸ்மஸுக்கும் கஞ்சி ருசித்ததா?

ஓய்வு வாத்தியார்:

ருசித்தது. நீ நம்பமாட்டாய். அதற்கு நான் என்ன செய்ய?

குவைத் நைட் டியூட்டி:

எனக்கும் நம்பிக்கை இல்லை. இருக்கட்டும் சார்.

கருங்கல் பையன்:

அம்மைக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நீ வந்தா ரெண்டு கோழி, வரல்லண்ணா ஒண்ணு. எனக்கென்ன" என்றாள். பெரியம்மை தொல்லையைச் சொன்னதும் சிரித்தாள். "அவளுக்க மவன் ரெண்டாந்தரமும் பெயிலானத நான் கேக்கேன், பொறு."

இதனால் வருகிறேன் என்று ஆகிவிடவில்லை. ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னாடியே திறந்து தீர்ந்துபோனது, 23ஆம் தேதிக்கு எல்லாமே வெயிட்டிங் லிஸ்ட். ஆம்னி பஸ்ஸில் கேட்கிற காசுக்குப் புதுத்துணியே எடுத்துவிடலாம். ஆனால் 25 ராத்திரி கிளம்புகிற பஸ்ஸில் இடம் இருக்கிறது, விலையும் பாதிக்குக் கீழே. பூசையும் பிரியாணியும் இங்கே. 26 காலையில் வீடு. பெரியம்மை போயிருப்பாள், பாதைத் தகராறும் இந்த வருசத்துக்கு முடிந்திருக்கும்.

குளச்சல்காரன்:

26ஆம் தேதி வந்து யாரை ஏமாற்றுகிறாய்? 25 ராத்திரி சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவதற்கு 24 ராத்திரி நின்றுகொண்டே வரலாம்.

முட்டம் பைக் செட்:

26க்கு வந்தால் சொல்லுங்கள் அண்ணே, பைக்கில் ஒரு சீட் இருக்கிறது.

மார்த்தாண்டம் மருமகள்:

26 எனக்குப் பிடித்திருக்கிறது. அண்டா, உருளி எல்லாம் அப்போதுதான் கழுவப் போடுவார்கள்.

குளச்சல்காரன்:

அக்கா, முதலில் வராதே என்றீர்கள், அப்புறம் தேங்காய் துருவ வா என்றீர்கள், இப்போது 26. அவன் எப்போதுதான் வரவேண்டும்?

மார்த்தாண்டம் மருமகள்:

எப்போது வந்தாலும் சரி. நாற்காலியைத் தேடக் கூடாது.