அப்டேட்: கோபி வீடு, வக்கீல் பாத்ததுக்கப்புறம்

கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் வீடு ஒண்ணு வாங்கறோம், ஈசி (வில்லங்கச் சான்று) 30 வருசத்துக்கும் சுத்தமா இருக்குது, தனியா வக்கீல் வெக்கோணுமான்னு முன்ன கேட்டிருந்தேனுங்க. வெச்சாச்சு. வக்கீலம்மா தாய்ப்பத்திரத்தப் (சொத்தோட பழைய மூலப் பத்திரம்) பொரட்டிப் போட்டு, அதுல வீட்டுக்காரரா இருக்கறவரு பேரக் காட்டி கேட்ட மொதக் கேள்வியே "இவரு எங்கீங்க?" அவரு உயில் எழுதாம தவறிட்டாரு, சம்சாரமும் இல்ல, விக்கறது பசங்க ரெண்டு பேரு, ஆனா வாரிசு சான்றிதழ்ல ஒரு பொண்ணு பேரும் இருக்குது, கேட்டா "அதுக்கு சீரெல்லாம் செஞ்சாச்சுங்க, ஒண்ணுங் கேக்காது"ங்கறாங்க. அப்பன் சுயமா சம்பாதிச்ச சொத்து, உயிலில்லீன்னா 1956 வாரிசுரிமைச் சட்டப்படியே பொண்ணுக்கும் சம பங்குங்க, சீரு கணக்குல வராதுன்னுட்டாங்க வக்கீலம்மா. ஈசில பதிவான பத்திரந்தான் வரும், யாரு செத்தாங்க யாரு வாரிசுங்கறது வராது.

அந்தக்கா சேலத்துல இருந்து வந்து கிரையத்துல கையெழுத்துப் போடறேன்னுட்டாங்க, நல்ல மனசு. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம் எடுத்து வெச்சாச்சு. பட்டா இன்னும் செத்தவரு பேர்லயே கெடக்குது, அத மாத்துனாத்தான் மிச்சப் பணம்னு சொல்லிப்போட்டோம். புரோக்கருக்குத்தான் மூஞ்சி சுண்டிப்போச்சுங்க.