புல்மன் வருகிறவர்களுக்கு: விட்மன் கவுண்டி பற்றிக் கொஞ்சம்

ஆகஸ்டில் புல்மனுக்குப் படிக்க வருகிறேன், அங்கே ஒன்றுமே இல்லையாமே என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் அப்படிச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஐந்து வருடம் இருந்துவிட்டுச் சொல்கிறேன், அதை நம்பாதீர்கள். புல்மன் இருப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், விட்மன் கவுண்டியில்; கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் போல.

ஸ்போகேனில் இறங்கி 195ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே ஒன்றரை மணி நேரம் வர வேண்டும். முடிந்தால் பகலில் வாருங்கள். வழி நெடுக அலை அலையாக மண்மேடுகள், அவற்றின்மேல் கோதுமை வயல்கள். பலூஸ் என்று இந்தப் பகுதிக்குப் பெயர். அடியில் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு. அதன்மேல் பனியுகக் காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் தூசி. அந்த மண் ஆழமானது, ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும். அதனால்தான் இவ்வளவு கோதுமையும் மானாவாரியிலேயே விளைகிறது.

கோதுமை மட்டுமல்ல, பருப்பும்தான். 1916இல் ஃபார்மிங்டன் என்ற சிற்றூர்ப் பக்கம் லென்டில் பயிரிடத் தொடங்கினார்கள். நாம் மைசூர் பருப்பு என்று வாங்குவதும் அதில் ஒரு வகைதான். ஆகஸ்டில் புல்மனில் பருப்புக்கென்றே திருவிழா உண்டு, 1989இலிருந்து நடக்கிறது. நீங்கள் வரும் நேரம் அதுதான், தவறவிடாதீர்கள். அறுவடையும் அப்போதுதான். சாலையை அடைத்துக்கொண்டு அறுவடை இயந்திரம் ஊர்ந்து போகும்; வளைவில் முந்தவே முந்தாதீர்கள்.

இந்த நிலம் பலூஸ் பழங்குடியினருடையது. 1858 மே மாதம் ரோசாலியா பக்கம் ஸ்டெப்டோ என்ற அமெரிக்க ராணுவ அதிகாரியின் படையைப் பழங்குடிகள் சேர்ந்து விரட்டியடித்தார்கள். அதே ஆண்டு ராணுவம் பெரும்படையோடு திரும்பி வந்து அவர்களை ஒடுக்கியது. 1871இல் கவுண்டி உருவானது. கோதுமை வயல்களைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும். வருகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஸ்டெப்டோ பியூட் என்ற குன்றுக்கு ஒரு மாலை கட்டாயம் போங்கள். எரிமலைக் குழம்பு சுற்றிலும் நிரம்பியபோது மூழ்காமல் தலைதூக்கி நின்ற பழைய பாறை அது. உச்சிவரை கார் போகும், பூங்கா பாஸ் வேண்டும்.

அப்புறம் காரியத்துக்கு வருவோம். கவுண்டியின் தலைமையிடம் கோல்ஃபாக்ஸ். நீதிமன்றம், ஆவணப் பதிவு எல்லாம் அங்கே. எட்டு மைல் கிழக்கே மாஸ்கோ, அது ஐடஹோ மாநிலம். அங்கே மளிகைக்கும் விற்பனை வரி உண்டு, வாஷிங்டனில் பெரும்பாலான மளிகைக்குக் கிடையாது. வீடு எந்தப் பக்கம் எடுக்கிறீர்களோ அந்த மாநிலத்து ஓட்டுநர் உரிமம்தான் எடுக்க வேண்டும்.

புல்மனே மேட்டில் கட்டிய ஊர். வரைபடத்தில் அரை மைல் என்று காட்டுவது காலுக்கு ஏற்றமாக இருக்கும். வீடு பார்க்கும்போது பேருந்து நிறுத்தம் எங்கே என்று முதலில் கேளுங்கள். குளிர்காலத்தில் தார்ச்சாலைமேல் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படரும். முதல் வருடம் சாதாரண டயரோடு ஓட்டி வயலுக்குள் சறுக்கினேன். நவம்பருக்குள் பனிக்கால டயர் மாட்டிவிடுங்கள்.