தேர்தல் பிளவுக்குப் பின் சேகரத்தில் நிலைத்திருப்பது எப்படி?

பனைநிழல் (கேள்வி):
அனைவருக்கும் ஸ்தோத்திரம். தென்னிந்தியத் திருச்சபையின் தென்மாவட்டச் சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) ஒன்றில் நாங்கள் நான்காம் தலைமுறையினர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் சேகரக் கமிட்டித் தேர்தல் சென்ற முறை ஊரை இரண்டாக்கிவிட்டது. எதிரணியில் நின்றவரின் குடும்பத்தார் ஆராதனை முடிந்ததும் எங்கள் முகத்தைப் பாராமல் வெளியேறுகிறார்கள், வழக்கும் நடக்கிறது. பக்கத்து ஊரிலுள்ள, எந்தத் திருச்சபை அமைப்பையும் சேராத சுயாதீன சபைக்குப் போய்விடலாம் என்கிறார் என் மனைவி. என் தாயை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டமும், நான் திடப்படுத்தல் பெற்று சபையின் முழு உறுப்பினரான ஆலயமும் இங்கேதான் இருக்கின்றன. வெறும் பழக்கத்தை விசுவாசம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேனா?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
தம்பி, எங்கள் ஊரிலும் இதே கதைதான். அப்போது பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கைப்பிடி அரிசி சேகரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்ததால், எங்களோடு பேச்சை நிறுத்திவிட்ட வீட்டின் முன்னும் மாதந்தோறும் பையோடு நிற்க வேண்டியிருந்தது. முதல் மாதம் அரிசியைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஏழாம் மாதம் அந்த அம்மாள், "உள்ளே வாங்க டீச்சர், வெயிலா இருக்கு" என்றார். சமாதானக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை; உலை வைக்கும்போதெல்லாம் அவர் எடுத்துவைத்த அரிசி எங்கள் இருவருக்கும் நடுவே போய்வந்தது, அவ்வளவுதான். கமிட்டியில் இல்லாத ஒரு வேலையை நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நெய்தல்:
டீச்சர் அம்மா சொல்வதை மதிக்கிறேன்; ஆனால், "சபை கூடிவருதலை" விட்டுவிடாதிருக்கச் சொல்லும் எபிரெயர் 10:25ஐச் சாட்டையாகச் சுழற்றுபவர்களைக் கண்டு சலித்தவன் நான். அதே வசனம் ஒருவருக்கொருவர் புத்திசொல்லவும் சொல்கிறது. கணக்கில் முறைகேடு இருந்தால் மத்தேயு 18இன்படி முதலில் தனியே பேசுங்கள், பிறகு சாட்சிகளோடு, அதற்கும் பிறகு சபையில். பிள்ளைகளுக்குத் தீங்கு என்றால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்காமல் காவல்துறையிடம் போக வேண்டும். அங்கே மௌனம் விசுவாசமாகாது. உங்கள் ஊர்ச் சண்டை அந்த வகையைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலிக்கர்களும் மெதடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் நம் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றாவதற்கு, 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 1947 செப்டம்பர் 27 வரை, 28 ஆண்டுகள் நீண்டது. அவர்களுடைய கமிட்டிகள் நம்முடையவற்றைவிட இனிமையாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சுயாதீன சபைக்குப் போவதென்றால், அங்கே கணக்கைத் தணிக்கை செய்வது யார் என்பதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

பனைநிழல்:
இருவருக்கும் நன்றி. வழக்கில் என் பெயரும் இருக்கிறது என்பதை முதலில் எழுதாமல் விட்டேன். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய "சகோதரனோடே சகோதரன் வழக்காடுகிறான்" என்பதை நேற்றிரவு வாசித்தபோது அது உறுத்தியது. என் பெயரை விலக்கிக்கொள்ள முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் அசனப் பண்டிகை, சபையார் சேர்ந்து சமைத்து உண்ணும் விருந்து. காய்கறி வெட்டும் குழுவில் பெயர் கொடுத்துவிட்டேன். அண்டாவுக்குப் பொறுப்பு எதிரணிக்காரரின் தம்பி. அன்றைக்கு மட்டும் வருவதாக மனைவி சொல்லியிருக்கிறார்.