விர்ச்சுவல் மெஷினில் மட்டும் கிம்ப் தவழ்கிறது, அவசர உதவி தேவை

செம்பருத்தி:
வணக்கம். விண்டோஸில் கிம்ப் (படம் திருத்தும் மென்பொருள்) நன்றாகவே ஓடுகிறது. அதே கணினியில் விர்ச்சுவல் மெஷினுக்குள் (கணினிக்குள் ஓடும் போலிக் கணினி) உபுண்டு என்ற லினக்ஸை நிறுவி அதில் திறந்தால், தூரிகையை இழுத்துச் சற்று நேரம் கழித்துத்தான் கோடு விழுகிறது. படத்தை மங்கலாக்கும் காஸியன் பிளர் கொடுத்தால் முடிவதற்குள் பொறுமை போய்விடுகிறது. லினக்ஸ் வேகமானது என்று எல்லோரும் சொன்னார்களே? கல்யாண ஆல்பம் ஒன்று கையில் நிற்கிறது. என்ன செய்யலாம்?

மணல்வீடு:
எந்த விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்? ரேம் எவ்வளவு ஒதுக்கினீர்கள்? செயலியில் எத்தனை கோர்? இரண்டு பக்கமும் ஒரே கிம்ப் பதிப்புதானா?

பழையகணினி:
ரேம்தான். வேறு எதையும் பார்க்கவே வேண்டாம்.

கட்டளைவரி:
தேடல் பெட்டியை அழகுக்காக வைத்திருக்கிறார்கள் போலும். இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? விர்ச்சுவல் மெஷினில் ஓட்டிவிட்டு லினக்ஸை எடைபோடுவது ஒப்பீடே அல்ல. உபுண்டுவை ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் துவக்குங்கள். உபுண்டுவை வட்டில் நிறுவாமலே, அங்கே கிம்பைச் சேர்த்து ஓட்டலாம். அதன் பிறகு வந்து பேசுங்கள்.

செம்பருத்தி:
விர்ச்சுவல்பாக்ஸ். 4 ஜிபி. விண்டோஸில் கிம்ப் 3.0, உள்ளே 2.10. படம் சாதாரண அளவுதான்.

மணல்வீடு:
சாதாரண அளவு என்றால் என்ன அளவு, ஐயா? 6000க்கு 4000 என்றால் 2.4 கோடி புள்ளிகள். 8 பிட்டில் ஒரு லேயருக்கு, அதாவது படத்தின் ஓர் அடுக்குக்கு, ஏறத்தாழ 96 எம்பி. அதே படம் 32 பிட் மிதவைப் புள்ளித் துல்லியத்தில் இருந்தால் 384 எம்பி. ஐந்தாறு லேயர், அதற்கு மேல் அன்டூ வரலாறு என்றால் 4 ஜிபி எந்த மூலைக்கு? மீதியை கிம்ப் வட்டில் எழுதும். அந்த வட்டே விண்டோஸில் கிடக்கும் ஒரு கோப்புதான். எத்தனை கோர் என்று கேட்டிருந்தேன்.

பழையகணினி:
நான் சொன்னேன் அல்லவா?

தாழ்வாரம்:
கொஞ்சம் பொறுங்கள், இதில் இரண்டு நோய்கள் கலந்திருக்கின்றன. தூரிகை இழுப்பது திரை சம்பந்தப்பட்டது. உபுண்டுவுக்குள் போடும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவினீர்களா? வீடியோ நினைவகத்தை 128 எம்பிக்கு உயர்த்திப் பாருங்கள். பிளர் என்பது வெறும் கணக்கு. செயலியின் மெய்நிகராக்க வசதி நேரடியாகக் கிடைத்தால், சொந்தக் கணினிக்குக் கிட்டத்தட்ட இணையான வேகம் வர வேண்டும். அதுவும் தவழ்கிறது என்பதுதான் உதைக்கிறது. உபுண்டு ஓடும்போது ஜன்னலின் கீழே வலது ஓரத்துச் சின்னங்களைப் பாருங்கள். பச்சை ஆமை தெரிகிறதா? தெரிந்தால், விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி செயலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் ஓடுகிறது என்று பொருள். விண்டோஸ் பாதுகாப்பு அமைப்புகளில், கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி இயக்கத்தில் இருந்தாலே இது நடக்கும். அதை நிறுத்தினால் பாதுகாப்பு ஒரு படி குறையும், யோசித்துச் செய்யுங்கள். படங்களைப் பகிர்ந்த கோப்புறையிலிருந்து நேராகத் திறக்காதீர்கள், உள்ளே நகலெடுத்துத் திறங்கள்.

அச்சுமை:
கல்யாண ஆல்பத்துக்கு கிம்பா? அச்சு மைகளின் நான்கு வண்ண முறையான சிஎம்ஒய்கே இல்லாத மென்பொருளில் அச்சு வேலையா?

கட்டளைவரி:
3.0-இல் சிஎம்ஒய்கே முன்னோட்டம் இருக்கிறது. டிஃப், ஜேபெக் இரண்டையும் சிஎம்ஒய்கே-ஆக ஏற்றுமதி செய்யலாம். தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அச்சுமை:
ஏற்றுமதி வேறு, சிஎம்ஒய்கே-இலேயே லேயர் லேயராக வேலை செய்வது வேறு. ஆஃப்செட் அச்சகக்காரரிடம் போய் உங்கள் முன்னோட்டத்தைக் காட்டுங்கள், சிரிப்பார்.

தாழ்வாரம்:
ஆல்பம் ஆஃப்செட்டுக்கா போகிறது? போட்டோ பேப்பரில் போடும் லேப்கள் பலவும் திரைகளின் வழக்கமான வண்ண முறையான எஸ்ஆர்ஜிபி-இல் ஜேபெக்தான் கேட்கின்றன. இந்தச் சண்டைக்குத் தனி இழை திறங்களேன்.

கட்டளைவரி:
தொடங்கியது நான் அல்ல.

செம்பருத்தி:
ஆமை இருந்தது. மெமரி இன்டெக்ரிட்டியை நிறுத்தி மறுதுவக்கம் செய்ததும் போய்விட்டது. பிளர் இப்போது பரவாயில்லை. தூரிகை இன்னும் லேசாக இழுக்கிறது. ஆல்பத்தை விண்டோஸிலேயே முடித்துக் கொடுத்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

மணல்வீடு:
நல்லது. நிறுத்தியதைத் திரும்ப இயக்கிவிட்டீர்களா? எத்தனை கோர் என்று இன்னும் சொல்லவே இல்லையே, ஐயா. ஒற்றைக் கோரில் விட்டிருந்தால் தூரிகை இழுக்கத்தான் செய்யும்.